படைப் பயிற்சிக்குப் போகும் பிள்ளை

தோட்டத்து வீட்டுப் பிள்ளை இராணுவத்திலோ போலீஸிலோ சேரப் போகிறான் என்றால், அம்மா முறுக்குச் சுட்டுக் கட்டிக் கொடுப்பார். அப்பா புதுச் சப்பாத்து வாங்கித் தருவார். பையனோ கடைசி ஒரு வாரம் மட்டும் திடலைச் சுற்றி மூச்சிரைக்க ஓடுவான். அந்த ஒரு வாரம் போதுமா?

1855ஆம் ஆண்டில் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய இராணுவ மருத்துவர், சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைக் கண்டு எழுதிவைத்தார். 1895இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான், அது எலும்பில் விழுந்த மெல்லிய விரிசல் என்று தெரியவந்தது.

வெறும் நடையால் எலும்பு விரிசல் விடுமா? விடும். எலும்பு உயிருள்ள பொருள். பாரம் கூடினால் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால், முதலில் பழையதைக் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். கரைக்கச் சில வாரங்கள், கட்டச் சில மாதங்கள். கூரையைப் பிரித்துப் போட்ட நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் வீடு என்னவாகும்? பயிற்சியின் முதல் சில வாரங்களில் இந்தக் காயம் மிகுதியாக வருவது இதனால்தான். பெண் பிள்ளைகளுக்கு, அதிலும் சாப்பாட்டைக் குறைப்பவர்களுக்கு, இன்னும் எளிதில் வரும். ஆகவே இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்கி, வாரா வாரம் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். சப்பாத்தையும் அப்போதே போட்டுப் பழகட்டும்.

இனி, உடம்பை அசைக்கும் விதம். காண்டா போட்டுப் பால் வாளி சுமந்த பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள். முழங்காலை மடக்கித் தோளைக் கொடுத்து, முதுகு வளையாமல் கால் பலத்தால் எழுந்தவர்கள் அவர்கள். முதுகுப் பையைத் தூக்குவதும் அப்படித்தான். கனமான சாமான் முதுகை ஒட்டி இருக்கட்டும். குதித்து இறங்கும்போது முழங்காலை விறைக்கக் கூடாது. மடங்கும் முழங்கால் கால்விரல்கள் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும், உள்ளே சாயக் கூடாது. தண்டால் எடுக்கையில் இடுப்பு தொய்ந்தால் அத்தோடு நிறுத்திவிடலாம். எண்ணிக்கை நாளைக்கு ஏறும்.

நோவை மறைக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். தசை நோவு பரவலாக இருக்கும், சில நாளில் தணியும். விரிசல் நோவோ விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் இருக்கும்; நடக்க நடக்கக் கூடும். தைலம் தேய்த்துக்கொண்டு ஓடினால் முழு முறிவாகலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போவதும் உண்டு. இரண்டு மூன்று வாரம் கழித்தே தெரியலாம். "படத்தில் ஒன்றுமில்லையே, நடிக்கிறாயா?" என்று யாராவது கேட்டாலும், நோவு இருக்கும்வரை பிள்ளை மறுபடியும் போய்க் காட்டட்டும்.