பெருபாரியின் பாதி

அரசமைப்பைத் திருத்தும் 368-வது பிரிவின் கணக்கைப் போன வாரமே போட்டாயிற்று: ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, சிலவற்றுக்கு மாநிலச் சட்டமன்றங்களில் பாதியின் ஒப்புதல். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் கேசவானந்த பாரதி வழக்கு என்று சொல்லியிருந்தேன். வழியில் பெருபாரி பிடித்துக்கொண்டது.

அதற்கு முன் 4-வது பிரிவு. 3-வது பிரிவின்படி மாநிலத்தின் பெயரை மாற்றலாம், எல்லையை நகர்த்தலாம், ஒன்றை இரண்டாக்கலாம். அரசமைப்பின் முதல் அட்டவணையே மாறிப்போகும். ஆனாலும் இதை 368-வது பிரிவின்படியான திருத்தமாகக் கருதக்கூடாது என்று 4-வது பிரிவே சொல்லிவிடுகிறது. சாதாரணப் பெரும்பான்மை போதும். மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது இந்த வழியில்தான்: 1967 ஜூலை 18-இல் சட்டமன்றத் தீர்மானம், 1968-இல் நாடாளுமன்றச் சட்டம், 1969 ஜனவரி 14-இல் நடைமுறை. அரசமைப்புத் திருத்தங்களின் வரிசையில் தேடினால் கிடைக்காது. ஆந்திரச் சட்டமன்றம் மசோதாவை நிராகரித்த பிறகும் 2014-இல் தெலங்கானா பிறந்தது. மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும், ஏற்க வேண்டியதில்லை!

நம் தமிழ்நாட்டு மேலவை 1986-இல் போனதும் சாதாரணச் சட்டத்தால்தான், 169-வது பிரிவின் கீழ். தீர்மானம் போட்ட சட்டமன்றத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது. சட்டம் இயற்றிய நாடாளுமன்றத்துக்குத் தேவைப்படவில்லை.

இனி பெருபாரி. மேற்கு வங்கத்தின் ஜல்பாய்குரி மாவட்டத்தில் 8.75 சதுர மைல் நிலம். 1947-இல் ராட்கிளிஃப் எழுதிய எல்லை விவரத்தில் ஒரு காவல் நிலையப் பகுதி விடுபட்டது. 1952-இல் பாகிஸ்தான் உரிமை கோரியது. 1958-இல் நேருவும் பாகிஸ்தான் பிரதமர் பெரோஸ் கான் நூனும் பேசி, ஆளுக்குப் பாதி என்று முடித்தார்கள். வங்கத்தில் கொந்தளிப்பு. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார். ஒரு மாநிலத்தையே பிளக்கச் சாதாரணச் சட்டம் போதுமென்றால், நாலு சதுர மைல் நிலத்துக்குப் போதாதா?

போதாது என்றது நீதிமன்றம், 1960-இல். 3-வது பிரிவு வீட்டுக்குள் சுவரை இடித்துக் கட்டுவதற்கு. இந்திய மண்ணை வேற்று நாட்டுக்குக் கொடுக்க 368-வது பிரிவின் வழியே வர வேண்டும். அந்த ஆண்டின் இறுதியிலேயே ஒன்பதாவது திருத்தம் வந்துவிட்டது.

இவ்வளவு பாடுபட்டும் பெருபாரி போகவே இல்லை! வழக்குகளில் இழுபட்டது, 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானே வங்கதேசமாகிவிட்டது. 1974-இல் இந்திராவும் முஜிபுர் ரஹ்மானும் செய்த உடன்பாட்டில் அந்தப் பாதி இந்தியாவுக்கே என்றாயிற்று. நாடாளுமன்றம் இரண்டு அவைகளிலும் தலையெண்ணி நிறைவேற்றிய திருத்தம் அந்த நிலத்தில் ஒரு வேலிக்கம்பியைக்கூட அசைக்கவில்லை.

அதே 1974-இல்தான் இலங்கையின் பக்கம் போனது கச்சத்தீவு. அதற்குத் திருத்தமும் இல்லை, சாதாரணச் சட்டமும் இல்லை. உரிமை தீராத இடத்தில் எல்லை வகுத்தோம், நிலத்தைக் கொடுக்கவில்லை என்பது மத்திய அரசின் வாதம். 2008-இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றம் போனபோது கையில் எடுத்தது பெருபாரியைத்தான். கொடுத்ததா, வகுத்ததா என்பதில்தான் எல்லாம் தொங்குகிறது. எனக்கு அரசின் வாதம் வசதியானதாகத்தான் படுகிறது.

பக்கம் தீர்ந்துவிட்டது. கேசவானந்த பாரதி அடுத்த வாரம்.