டீசல் லொறி இயங்க மறுப்பது ஏன்?



சந்தைக்கு மரக்கறி ஏற்றிச் செல்ல வேண்டிய லொறி விடியற்காலையில் இயங்க மறுப்பின், அன்றைய வருவாய் போய்விடும். அப்பதற்றத்தில் நல்ல பாகங்களையும் மாற்றிப் பணத்தை இழப்போர் பலர். குறையின் மூலத்தை முறைப்படி தேடுவதே சிக்கனமான வழியாகும்.

ஜேர்மனியரான ருடொல்ஃப் டீசல் 1897ஆம் ஆண்டில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இயந்திரத்திலே தீப்பொறிக்கு இடமில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பி சுடுவதை நாம் அறிவோம். அவ்வாறே, உருளையினுள் அமுக்கப்படும் காற்று ஏறத்தாழ 500 பாகை செல்சியஸ் வரை சூடேறுகின்றது. அதனுள் நுண்துளிகளாகப் பீச்சப்படும் டீசல் தானே தீப்பற்றுகின்றது. ஆகவே வேண்டுவன இரண்டு: போதிய வெப்பம், போதிய எரிபொருள் அமுக்கம்.

முதலில், பற்றரி இயந்திரத்தை விரைவாகச் சுழற்றுகின்றதா எனக் காண்க. மந்தமாகச் சுழன்றால் காற்றுச் சூடேறாது. நன்கு சுழன்றும் இயங்காவிடின் புகைக்குழாயை நோக்குக. வெண்புகை வருமாயின், எரிபொருள் சேர்ந்தும் எரியவில்லை. பெரும்பாலும் வெப்பமே குறை. புகையே இல்லையெனின், எரிபொருள் சேரவில்லை எனக் கொள்ளலாம்.

அவ்வாறாயின் தாங்கியிலிருந்து தொடங்குக. எரிபொருளின் அளவு, வடிகட்டியின் அடைப்பு, அதன் அடியில் தேங்கும் நீர் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். இரவு முழுவதும் நின்ற லொறி மட்டும் முரண்டுபிடிப்பின், தாங்கிக்கும் பம்பிக்கும் இடையே காற்றுப் புகுகின்றதோ என ஐயுறுக. உறிஞ்சும் குழாயாதலால் வெளியே ஒரு துளியும் சிந்தாதிருக்கலாம். இடையிலே ஒளிபுகும் குழாய்த் துண்டொன்றை இணைத்தால் குமிழிகள் உண்மையைக் காட்டிவிடும்.

1990களின் நடுப்பகுதியிலிருந்து வந்த பொதுக்குழாய் முறை இயந்திரங்களில், அமுக்கம் சில நூறு பார் அளவை எட்டும்வரை கணினி எரிபொருளைப் பீச்ச விடாது. தேய்ந்த இன்ஜெக்டர் ஒன்று எரிபொருளைத் திரும்பு குழாயில் மிகுதியாகக் கசியவிட்டால் அமுக்கம் ஏறாது. பழியோ பம்பியின்மேல் விழும். புதுப் பம்பி வாங்குமுன், ஒவ்வோர் இன்ஜெக்டரும் திருப்பிவிடும் அளவைத் தனித்தனியே அளக்கச் செய்க. மற்றவற்றினும் மிகுதியாகத் திருப்புவதே குற்றவாளி.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பழைய வழக்கப்படி, சுழலும் இயந்திரத்தின் இன்ஜெக்டர்க் குழாயைத் தளர்த்திப் பார்த்தல் இவ்வியந்திரங்களில் கூடாது. கசிவைக் கையால் தடவியும் தேடாதீர்கள். மிகை அமுக்கத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் செல்லும். காயம் ஊசி குத்தியதுபோற் சிறிதாயினும் கையையே இழக்க நேரலாம். உடனே மருத்துவமனைக்கு விரைக.