பழைய மோட்டார் வண்டியின் பின்வில் தளர்ச்சி

நோய் இன்னதெனத் தெளிந்து, அதன் மூலத்தை அறிந்து, பின்னரே அதனைத் தணிக்கும் வழியை நாடுக என்று மருந்து என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர் வகுத்த முறை மனிதர் உடலுக்கு மட்டும் உரியதன்று. யந்திரங்களுக்கும் அஃது அவ்வளவே பொருந்தும். ஆயினும், பழைய மோட்டார் வண்டி ஒன்று பின்புறத்தில் குலுங்கவோ சாயவோ தொடங்கினால், நம்மிற் பெரும்பாலோர் மூலத்தை நாடுவதில்லை. கண்ணுக்கு முதலிற் படும் உறுப்பை மாற்றிவிட்டு, குறை நீங்கிற்றென்று நம்பி வீடு திரும்புகின்றோம். இங்ஙனம் நம்பி ஏமாந்தவருள் யானும் ஒருவன். அவ்வேமாற்றத்தினின்று கற்றவற்றை உடன் மாணவர்க்கு எளிதில் விளங்குமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எம் வீட்டு வண்டி அம்பாசிடர் வகையைச் சேர்ந்தது. இங்கிலாந்து தேசத்து மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியை மாதிரியாகக் கொண்டு, வங்காளத்து உத்தரபாராவில் 1950-களின் இறுதி முதல் 2014-ஆம் ஆண்டு வரை செய்யப்பெற்ற இவ்வண்டி, நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் உழைத்ததை அறியாதார் இலர். சென்ற மழைக்காலத்தில் என் பாட்டியாரை ஏற்றிக்கொண்டு என் தந்தையார் அதனை ஓட்டிச் சென்றபோது, ஈரச் சாலையின் வளைவொன்றில் வண்டியின் பின்புறம், யாரோ பிடித்துத் தள்ளியதுபோல், வெளிப்புறமாக விலகிற்று. நல்வினைப்பயனாக எதிரே வண்டி எதுவும் வரவில்லை. மறுநாள் பட்டறை ஒன்றிற் காட்ட, ஷாக் அப்சார்பர் இரண்டும் மாற்றப்பெற்றன. பணமும் செலவாயிற்று. வண்டியோ முன்போலவே இடப்புறம் தாழ்ந்து நின்றது; கிளம்பும்போதும் நிறுத்தும்போதும் அடியில் எழுந்த ‘டொக்’ என்னும் ஓசையும் ஒழிந்தபாடில்லை.

இதன் காரணத்தை உணரவேண்டின், வண்டியின் பின்புற அமைப்பை முதலில் அறிதல் வேண்டும். பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சின் இரு முனைகளில் உள்ளன. அவ்வச்சைத் தாங்குவன, பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த இரண்டு எஃகு விற்கள். பல தகடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிச் செய்யப்பெறும் இவ்வில்லின் தகடுகளைப் பட்டறைக்காரர் ‘பட்டை’ என்று வழங்குவர். மேலே உள்ள நீண்ட பட்டையின் இரு நுனிகளும் வளையமாகச் சுருட்டப்பட்டிருக்கும். முன்வளையம் ரப்பர் புஷ் ஒன்றைத் தன்னகத்தே கொண்டு, வண்டியின் உடலோடு நேரே பூட்டப்பெறும். பின்வளையமோ ஷேக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பில் தொங்கும். பாரத்தால் வில் நிமிருங்கால் அதன் இரு நுனிகளுக்கும் இடையே உள்ள தூரம் மிகும். அம்மிகுதிக்கு இடங்கொடுக்கவே ஷேக்கிள் அமைக்கப்பட்டது. பட்டை அடுக்கின் நடுவே துளையிட்டுச் செலுத்திய சென்டர் போல்ட்டின் தலை, அச்சின்மேல் உள்ள குழியிற் பொருந்தி, அச்சு முன்பின் நகராதவாறு அதன் இடத்தைக் குறிக்கும். அடுக்கையும் அச்சையும் இறுகப் பிணைப்பன யூ போல்ட்டுகள். இவற்றோடு, எண்ணெய் நிறைந்த குழல் வடிவான ஷாக் அப்சார்பர் ஒன்று ஒவ்வொரு பக்கத்திலும் உண்டு.

இவ்வுறுப்புக்களின் தொழில்கள் வெவ்வேறானவை. ஆதலின் அவை தளருங்கால் தோன்றும் குறிகளும் வெவ்வேறானவை. இவ்வொன்றை நன்கு மனத்திற் கொண்டால் பாதி ஆராய்ச்சி முடிந்ததாகும். பாரத்தைத் தாங்குவது வில். ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678-ஆம் ஆண்டில் விளக்கியவாறு, வில் எவ்வளவுக்கு அமுக்கப்படுகின்றதோ அவ்வளவுக்கு எதிர்த்து நிற்கும். பெற்ற விசையை அது திருப்பித் தருவதால், மேடு பள்ளத்தில் ஒருமுறை அசைந்த வண்டி மேலும் கீழுமாக ஊசலாடும். அவ்வூசலை அடக்குவதே ஷாக் அப்சார்பரின் தொழில். அதனுள் உள்ள எண்ணெய் சிறு துளைகளின் வழியே வருந்திச் செல்ல, அசைவின் வலி வெப்பமாக மாறிக் கழிகின்றது. சாதாரண எண்ணெய் ஷாக் அப்சார்பர் வண்டியின் பாரத்தைத் தாங்குவதில்லை. ஆகவே, வண்டி தாழ்ந்து நிற்பின் வில்லை ஐயுறுக. ஓயாது ஆடின் ஷாக் அப்சார்பரை ஐயுறுக. ஓசை எழுப்பின் புஷ்ஷையும் போல்ட்டையும் ஐயுறுக. நேரே செல்லாது அலையின் அச்சு தன்னிடத்தில் உளதா என்பதை ஆராய்க. எம் வண்டி தாழ்ந்து நின்றது. மாற்றியதோ ஊசலை அடக்கும் உறுப்பை. நோய் ஒன்று, மருந்து மற்றொன்று ஆயினமை இதனால் விளங்கும்.

இனி, ஆராயும் முறையைக் கூறுவோம். முதற்கண் வண்டியின் பின்பெட்டியிலுள்ள பொருள்கள் அனைத்தையும் வெளியே எடுத்துவிடுதல் நன்று. சரியாகக் கட்டப்பெறாத உபரிச் சக்கரமும், உருண்டு கிடக்கும் ஜாக்கியும், உறுப்புத் தேய்வினால் எழும் ஓசை போலவே ஓசையிட்டுப் பலரை மயக்கியதுண்டு. புகைக்குழாய் எங்கேனும் உடலில் உராய்கின்றதா என்பதையும் கையால் அசைத்துப் பார்த்துவிடுக. பின்னர் நான்கு டயர்களிலும் உரிய அளவு காற்றை நிரப்பி, சமதளமான தரையில் வண்டியை நிறுத்தி, விற்கள் இயல்பான நிலையை அடையுமாறு முன்னும் பின்னும் சிறிது உருட்டிவிடல் வேண்டும்.

அடுத்து, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து அதன் மேலே உள்ள மட்கார்டின் விளிம்பு வரை நேர் உயரத்தை இருபக்கமும் அளந்து ஒப்பிடுக. ஒரு பக்கம் நன்கு தாழ்ந்திருப்பின் அப்பக்கத்து வில் தளர்ந்ததென்று உடனே துணிதல் கூடாது. அம்பாசிடரின் முன்சக்கரங்களை முறுக்குத் தண்டுகள் தாங்குகின்றன; அவற்றுள் ஒன்று தளரினும் வண்டி முழுவதும் சாயும். ஆகையால், வண்டியின் முன்பகுதியை அதன் நடுக்குறுக்குச் சட்டத்தின் கீழ் ஒரே ஜாக்கியால் சிறிது உயர்த்திப் பார்க்க. அந்நிலையில் முன்பகுதி ஒரு புள்ளியிலேயே நிற்பதால், சாய்வை உண்டாக்கவோ தடுக்கவோ அதற்கு வலியிராது. அப்போதும் பின்புறம் சாய்ந்தே இருப்பின் குறை பின்வில்லினது, நிமிர்ந்துவிடின் முன்புறத்தது. எம் வண்டி சாய்ந்தே நின்றது.

மூன்றாவது, வண்டியின் பின்மூலையை இரு கைகளாலும் பலமாக அழுத்திச் சடுதியில் விடுக. ஷாக் அப்சார்பர் செவ்வனே உள்ளதாயின், வண்டி ஒருமுறை மேலெழுந்து, பின் தன் நிலையில் அடங்கும். அங்ஙனமின்றி இரண்டு மூன்று முறை ஆடின் அஃது எண்ணெயை இழந்தது என்க. ஆயினும் இச்சோதனையில் ஒரு வஞ்சகம் உண்டு. துருவேறிய பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து தாமே ஊசலை அடக்குவதால், உயிரற்ற ஷாக் அப்சார்பரும் உயிருடையதுபோல் தோன்றும். ஐயம் நேரின் அதன் கீழ்முனையைக் கழற்றி, நேராக நிறுத்தி, கையால் இழுத்தும் அமுக்கியும் பார்ப்பதே நேரிய வழி. தடையின்றி எளிதில் நகர்வதும், நடுவிலே ஓரிடத்தில் மட்டும் வெறுமையாக ஓடுவதும், வெளியே எண்ணெய் வழிந்திருப்பதும் அதன் அழிவைக் காட்டும்.

நான்காவது சோதனை வண்டியின் அடியில் செய்யத்தக்கது. இங்கே ஒன்றை வற்புறுத்திச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் தலையை நுழைத்தல் ஆகாது. சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை அமர்த்திய பின்னரே அடியிற் செல்லுக. பட்டைகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் தூய்மை செய்து, விளக்கொளியில் ஒவ்வொன்றாக நோக்குக. விரிசல் கண்ட இடத்தில் செந்நிறத் துருக்கோடு ஒன்று காணப்படும். வளையத்தின் அருகிலும், சென்டர் போல்ட்டின் துளையிலுமே பட்டைகள் பெரிதும் முறிவன. பின்பு ஒரு நீண்ட கடப்பாறையின் நுனியைப் புஷ்ஷின் அருகே கொடுத்து மெல்ல நெம்புக. ரப்பர் சிறிது இழைந்து கொடுப்பது இயல்பு. இரும்போடு இரும்பு மோதுவதும், ரப்பர் பிதுங்கி வெளியே தள்ளியிருப்பதும், வளையத்தின் நடுவில் இராது போல்ட் ஒருபுறம் ஒதுங்கியிருப்பதும் தேய்வின் அடையாளங்கள். ஓசையை நிறுத்தும் பொருட்டு ரப்பர் புஷ்ஷின்மேல் யந்திர எண்ணெய் விடுவோர் உளர். எண்ணெய் ரப்பரை ஊறச்செய்து கெடுக்கும். சின்னாளைய அமைதிக்கு விலையாக உறுப்பே அழியும்.

ஐந்தாவதாக, அச்சு தன்னிடத்தில் நேராக இருக்கின்றதா என்று காண்டல் வேண்டும். முன்வளையத்துப் போல்ட்டிலிருந்து அச்சு வரை உள்ள தூரத்தை இருபக்கமும் அளந்து ஒப்பிடலாம். அளக்க இயலாதாயின், நீர் தேங்கிய இடத்தின் வழியே வண்டியை நேராக ஓட்டி, உலர்ந்த தரையிற் பதியும் சக்கரச் சுவடுகளை நோக்குக. முன்சக்கரச் சுவட்டுக்கும் பின்சக்கரச் சுவட்டுக்கும் உள்ள விலகல் இருபக்கமும் ஒத்திருப்பின் நன்று. ஒவ்வாதிருப்பின், வண்டி நண்டு நடப்பதுபோல் ஒருபுறம் ஒதுங்கி ஓடுகின்றது என்பது தெளிவு. இதுவே குறைகள் யாவற்றினும் அஞ்சத்தக்கது. அச்சு ஒருபக்கம் நகர்ந்தவுடன், ஓட்டுபவர் கையில் உள்ள சக்கரத்தை அசையாமற் பிடித்திருந்தும், பின்சக்கரங்கள் தாமே வண்டியைத் திருப்பிவிடுகின்றன. ஈரச் சாலையில் எம் வண்டியைத் தள்ளிய கை யாருடையதென்பது இப்போது புலப்படும்.

எம் ஊரில் விற்களையே செப்பனிட்டு முதுமையுற்ற தொழிலாளர் ஒருவர் இம்முறைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து காட்டினார். இடப்பக்கத்து அச்சு விரல் பருமனளவு பின்னே நகர்ந்திருந்தது. அடுக்கைப் பிரித்தபோது சென்டர் போல்ட் இரண்டாக அறுபட்டிருந்தது. இரண்டாம் பட்டை அதன் துளையிலேயே முறிந்திருந்தது. “பட்டை முறிந்ததன்றோ குறை, ஐயா?” என்று யான் வினவ, அவர் யூ போல்ட்டின் நட்டைக் கையாலேயே திருகிக் காட்டி, “ஒடிந்தது பட்டை, தம்பி, ஒடித்தது இந்த நட்டு” என்றார். யூ போல்ட்டுகள் இறுகப் பிடித்திருக்கும்வரை அச்சின் இழுப்பு முழுவதையும் அவற்றின் பிடியே தாங்கும்; பட்டையின் துளையிட்ட நடுவிடமும் வளையாது நிற்கும். அப்பிடி தளர்ந்தவுடன் கிளம்பும்போதும் நிறுத்தும்போதும் பிறக்கும் விசையெல்லாம் மெல்லிய சென்டர் போல்ட்டைத் தாக்குகின்றது. துளையினால் வலிமை குன்றிய பட்டையும் அவ்விடத்திலே வளைந்து வளைந்து முறிகின்றது. சில ஆண்டுகளுக்கு முன் விற்களைக் கழற்றி மாட்டிய பின், புதிதாகப் பூட்டிய யூ போல்ட்டுகளைச் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்கவேண்டும் என்னும் விதியை நாங்கள் மறந்ததே இதற்கெல்லாம் மூலமாயிற்று.

செப்பனிடுவோர் கவனிக்கத்தக்க சிலவற்றையும் ஈண்டுக் குறித்தல் தகும். விற்களையும் ஷாக் அப்சார்பர்களையும் இருபக்கமும் சேர்த்தே மாற்றுதல் நன்று. ஒருபுறம் புதிதும் மறுபுறம் பழையதுமாயின் வண்டி சமனாக நில்லாது. தாழ்ந்த வண்டியை உயர்த்தக் கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்பின் உயரம் மிகும். ஆனால் வில் கடினமாகி, பழைய ஷாக் அப்சார்பரால் அடக்கவொண்ணாத ஊசலையும் தரும். உலையிற் காய்ச்சி வளைத்த பட்டைக்கு முறைப்படி பதமேற்றாவிடின், அது விரைவில் மீண்டும் தொய்ந்துவிடும். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டுகளைச் சக்கரங்கள் தரையில் ஊன்றி, வண்டி தன் இயல்பான உயரத்தில் நிற்கும்போதே இறுதியாக இறுக்குக. சக்கரங்கள் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுக்குண்டு விரைவிற் கிழியும்.

எம் வண்டி இப்போது நிமிர்ந்து நிற்கின்றது. வளைவுகளில் ஓட்டுபவரின் கைக்கு அடங்கிச் செல்கின்றது. என் பாட்டியாரும் அச்சமின்றி அதில் ஏறுகின்றார். முதலிலேயே முறையாக ஆராய்ந்திருப்பின், ஷாக் அப்சார்பருக்கு ஈந்த பணம் மிஞ்சியிருக்கும். பன்முறை மழையில் எம்மவர் உயிரைப் பணயம் வைத்து ஓட்டியதும் தவிர்ந்திருக்கும். பழைய வண்டி வைத்திருப்போர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையேனும், மழைக்காலம் தொடங்குமுன், ஓர் அளவுகோலும் ஸ்பானரும் கொண்டு இச்சோதனைகளைச் செய்வாராக. தொய்ந்த வில் தன் குறையைத் தாழ்ந்து காட்டும். தேய்ந்த புஷ் ஓசையிட்டுக் கூறும். தளர்ந்த நட்டு மட்டும், தான் கெடுத்த உறுப்பு முறியும் வரையில், யாதும் உரையாது இருந்துவிடும். அதனை நாமே தேடிச் சென்று வினவுதல் வேண்டும்.