வெறுந்தந்தியில் ஐந்து இராகம்

தந்தி வழி – 11

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் கிட்டார் என்பது பெரும்பாலும் துணைக் கருவியாகவே அறியப்படுகிறது. திருவிழா இரவுகளில் கோயில் திடலில் போடப்படும் மெல்லிசை மேடையிலும் மாதாகோயில் பாடற்குழுவிலும் அதன் வேலை கார்டு பிடிப்பது, அதாவது மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சுரங்களை ஒருசேர ஒலிக்கவைத்துப் பாடகரின் குரலுக்கு அடித்தளம் அமைப்பது. வாசிப்பவரின் நோட்டுப் புத்தகத்தில் பாட்டு வரிகளும், அவற்றின் தலைக்கு மேல் கார்டின் எழுத்துகளும் இருக்கும். மற்றவை விரலின் பழக்கம். நைலான் தந்திகளை நகத்தால் மீட்டி, மெட்டு, அடித்தளச் சுரம், இடைக்குரல் ஆகிய மூன்றையும் ஒரே கருவியில் சுமந்து, அனைத்தையும் முன்கூட்டியே இசைக்குறிப்பாக எழுதிவைக்கும் செவ்வியல் கிட்டார் மரபு இம்மேடைகளின் தேவைக்கு வெளியே நிற்கிறது.

ஆயினும் அம்மரபின் விரலசைவு இங்கு அந்நியமானதன்று. 1982-இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாடலில் சந்திரசேகர் வாசித்த கிட்டார் பகுதியை வாசித்துக் காட்டாத மெல்லிசைக் கிட்டார் கலைஞர் அரிது. அதன் உயிர்நாடி ஆர்பெஜியோ, அதாவது கார்டின் சுரங்களைச் சேர்த்து அடிக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ப்பது. ஐரோப்பியக் கிட்டார் பயிற்சி நூல்கள் மாணவனின் வலக்கைக்கு முதலில் கற்றுத்தருவதும் இதையே. பாடலை அமைத்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராக மேடை ஏறியவர். 1960களின் இறுதியில் சென்னை வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் செவ்வியல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றவர். எனினும், தியாகராஜருக்கும் ஐரோப்பிய இசையமைப்பாளர் பாக்குக்கும் காணிக்கையாக அவர் 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பில் வயலின்களே முன்னிற்கின்றன. தமிழ்க் காதுகளுக்குச் செவ்வியல் கிட்டாரின் விரல் திரையிசை வழியாக வந்து சேர்ந்ததே தவிர, தனிக் கிட்டாருக்கென்று எழுதப்பட்ட உருப்படி என்னும் வடிவம் உடன் வரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அவ்வடிவம் ஐரோப்பாவிலும் எளிதில் வாய்க்கவில்லை. கிட்டார் வாசிக்கத் தெரியாதவர் அதற்கு நன்றாக எழுதுவது ஏறக்குறைய இயலாதது என்று, தாமே கிட்டார் வாசித்தவரான பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் தம் வாத்தியவியல் நூலில் கருதினார். ஸ்பெயினின் கிட்டார் கலைஞர் செகோவியா (1893–1987) கிட்டார் அறியாத இசையமைப்பாளர்களிடமும் படைப்புகளைக் கேட்டுப் பெற்று அந்நிலையை மாற்றினார். மானுவேல் தெ ஃபாயா 1920-இல் இசையமைப்பாளர் டெபுஸியின் நினைவாக எழுதிய சிறு உருப்படி, பியானோ இசையமைப்பாளரும் கிட்டாரின் இயல்பறிந்து எழுத முடியும் என்பதைக் காட்டியது. 1963-இல் ஆங்கில இசையமைப்பாளர் பிரிட்டன், கிட்டார் கலைஞர் ஜூலியன் பிரீமுக்காக ‘நாக்டர்னல்’ எழுதினார். மூலமெட்டை முதலில் சொல்லிப் பிறகு அதை விரித்துச் செல்வது வழக்கம்; இவரோ விரிவுகளை எல்லாம் முன்னே வைத்து, அவை எதிலிருந்து பிறந்தனவோ அந்தப் பழைய ஆங்கிலப் பாடலைக் கடைசியில் ஒலிக்கவிட்டார். நிரவலும் சுரமும் முடிந்தபின் பல்லவி வருவதற்கு ஒப்பானது இது.

தமிழிசையிலிருந்து இக்கருவிக்கு எழுத முனைபவர் தொடங்க வேண்டிய இடம் வெறுந்தந்தி, அதாவது இடக்கை விரல் எதையும் அழுத்தாதபோது ஒலிக்கும் தந்தி. தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஆறு தந்திகளும் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்க்கப்படுகின்றன. முதலும் கடைசியும் ஒரே சுரத்தின் இரு ஸ்தாயிகள் ஆதலால் சுரங்கள் ஐந்தே. ஈ-யை ஆதார சட்ஜமாகக் கொண்டால் இவ்வைந்தும் ச க ம ப நி என நின்று சுத்த தன்யாசி ஆகின்றன. ஜி-யைச் சட்ஜமாக்கினால் அதே தந்திகள் மோகனம், ஏ-யில் மத்தியமாவதி, டி-யில் சுத்த சாவேரி, பி-யில் இந்தோளம். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கமும் பாதை பிரியும் விழுப்புரம் சந்திப்பைப்போல, ஒரு விரலும் அழுத்தாத கிட்டாரிலேயே ஐந்து இராகங்களுக்கும் வழி இருக்கிறது. சட்ஜத்தை இடம் மாற்றி இராகத்தை மாற்றும் இம்முறையைக் கருநாடக இசையார் கிரகபேதம் என்பர். யாழ் நரம்புகளில் பண்ணுப்பெயர்த்தல் என்று பழந்தமிழ் இசைநூலார் விளக்கியதும் இதே அடிப்படையில்தான். ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகர’த்தில் பாலைகள் எனப்படும் சுர வரிசைகளின் திரிபைப் பக்கம் பக்கமாகக் கணக்கிட்டிருக்கிறார். ஸ்பானியக் கருவி ஒன்றின் வெறுந்தந்திகளில் அக்கணக்கின் ஒரு பகுதி தானாகவே அமைந்து கிடப்பது, இசையமைப்பாளர் தவறவிடக்கூடாத பேறு.

தடை கமகத்தில், அதாவது சுரத்தை அசைத்தும் இழைத்தும் ஒலிப்பதில் இருக்கிறது. வீணையில் மெழுகில் பதித்த உயர்ந்த மெட்டுகளின், அதாவது விரல் அழுத்தும் குறுக்குக் கம்பிகளின் மேல் உலோகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து, ஒரே மெட்டில் அடுத்தடுத்த சுரங்களைத் தொட முடியும். செவ்வியல் கிட்டாரின் மெட்டுக் கம்பிகள் தாழ்வானவை. நைலானோ எஃகைவிட நெகிழ்ந்து கொடுப்பது, ஆகவே எவ்வளவு இழுத்தாலும் சுருதி அரைச் சுரத்துக்கு மேல் ஏறுவது கடினம். தோடியின் காந்தாரத்தை இதில் தேடுவது வீண். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற பிரசன்னா போன்றோர் கருநாடக இசைக்கு மின்கிட்டாரைத் தேர்ந்ததற்கு அதன் மெல்லிய எஃகுத் தந்திகள் தரும் இழுவையும் ஒரு காரணம் எனலாம். இன்னொரு சிக்கலும் உண்டு: கிட்டாரின் மெட்டுகள் ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காகப் பிரிப்பவை, ஓர் அரைச் சுரத்தை நூறாகப் பகுத்தால், அதன் அந்தர காந்தாரம் தம்புராவில் தானாய் எழும் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 பங்கு உயர்ந்து நிற்கிறது. ஆகவே அசைவு மிகுந்த இராகங்களை ஒதுக்கி, நின்றொலிக்கும் சுரங்களாலும் தன் உருவைக் காட்டக்கூடிய ஔடவ இராகங்களை, அதாவது ஐந்து சுர இராகங்களை நாடுவதே அறிவுடைமை.

மத்தியமாவதியை எடுத்துக்கொண்டால் வேலை எப்படி நடக்கும் என்பது விளங்கும். ஏ சட்ஜமாகும்போது ஐந்தாம் தந்தி ஆதாரத்தையும், தடித்த ஆறாம் தந்தி மந்தர பஞ்சமத்தையும் தருகின்றன. கட்டைவிரல் இவ்விரண்டில் மட்டும் உலவி மிஸ்ர சாப்பின் ஏழு எண்ணிக்கையை 3, 2, 2 என்று பகுத்து நடத்த, ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் மேல்தந்திகளில் மெட்டை எடுத்துச் செல்லலாம். தாளில் எழுதும்போது கட்டைவிரலின் சுரங்களுக்குக் காம்பு கீழ்நோக்கியும், மெட்டின் சுரங்களுக்கு மேல்நோக்கியும் வரையப்படுவதால், ஒரே வரிசையில் இரண்டு குரல்கள் கண்ணுக்கே பிரிந்து தெரியும். தந்தியின் ஒலி விரைவில் தேய்வது கிட்டாரின் பலவீனம். நீண்ட சுரம் வேண்டிய இடத்தில் மூன்று விரல்களும் ஒரே தந்தியை மாறிமாறி மீட்டும் டிரெமலோ உதவும்.

மத்தியமாவதியில் காந்தாரம் இல்லை என்பதும் இங்கே முக்கியம். மேற்கத்திய கார்டு மேஜரா மைனரா என்பதை முடிவு செய்வது காந்தாரமே. ஆகையால் இவ்விராகத்தின் சட்ஜத்தின் மேல் அவ்விரண்டில் எதையும் கட்ட முடியாது. பழக்கத்தால் அங்கே மைனர் கார்டு ஒன்றைப் போட்டுவிட்டால், இராகத்தில் இல்லாத சுரம் ஒன்று அடியிலிருந்து புகுந்துவிடுகிறது. காது கூர்மையானவர் முகம் சுளிப்பார். ஏ, டி, ஜி எனத் தந்திகள் தாமாகவே நான்காம் சுரத்தொலைவில் அடுக்கியிருக்க, ச, ம, நி என்ற அந்த அடுக்கையே கார்டாகக் கொள்வது இராகத்துக்கும் கருவிக்கும் ஒருசேரப் பொருந்தும்.

சுருதியையே மாற்றிக்கொள்ளும் வழியும் உண்டு. ஆறாம் தந்தியை ஒரு முழுச் சுரம் தளர்த்தி டி ஆக்கி, அதையே சட்ஜமாகக் கொண்டால் கீழ் மூன்று தந்திகளும் ச, ப, ச என்று தம்புராவாகிவிடும். துருக்கிய இசையில் தோய்ந்த இத்தாலியர் கார்லோ டொமெனிகோனி 1980களில் ‘கோயுன்பாபா’வை எழுதியபோது இன்னும் துணிந்து, சட்ஜமும் பஞ்சமமும் திரும்பத் திரும்ப ஒலிக்கும்படி தந்திகளை மாற்றிச் சேர்த்தார், உலகெங்கும் கிட்டார் மாணவர்கள் இன்று அதை வாசிக்கிறார்கள். வெறுந்தந்திகளின் ஒலி மேல் ஒரு வட்டார இசையை எவ்வளவு தூரம் எழுப்ப முடியும் என்பதை அதன் நான்கு பகுதிகளும் காட்டுகின்றன; அவற்றின் அமைப்பு அடுத்த பகுதியில் ஆராயப்படும்.