வீட்டுக் கணக்கும் அடுப்புச் சாம்பலும்

சொந்தத் தோட்டத்தில் மரக்கறி செய்து பழகிய குடும்பம் ஒன்று மண்சரிவினால் வெளியேறி, லயக்காம்பராவிலோ தற்காலிகக் கொட்டிலிலோ குடியேறும்போது காணியோடு சேர்ந்து வீட்டுக் கணக்கும் குலைந்து போகிறது. முன்பு காசு கொடுக்காமல் கிடைத்த கீரை, மிளகாய், விறகு யாவும் இங்கே கடைச் சாமான்களாகி விடுகின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைத் தாக்கிய பின் இந்நிலைக்கு ஆளான குடும்பங்கள் பல. அவர்களுக்காக றொசல்லயிலிருந்து நாம் சில விடயங்களை விளக்க விரும்புகிறோம்.

முதலில் ஒரு கொப்பி வேண்டும். பிள்ளைகளின் பழைய பாடசாலைக் கொப்பியில் மிஞ்சிய தாள்களே போதும். ஒரு பக்கத்தில் வரவை எழுதுங்கள். கையில் வந்த காசை மட்டும் எழுதுங்கள். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக்கப்பட்டது. ஆனால் பேர் விழாத நாட்களும் சேமலாப நிதியும் முற்பணமும் கழிந்த பின் வீடு வந்து சேர்வது வேறொரு தொகை. கைக்காசு வேலைக்குப் போகிறவர்களுக்கோ அடுத்த கிழமை வேலை உண்டா என்பதே தெரியாது.

மறுபக்கம் செலவு. அரிசி, கோதுமை மா, மருந்து, பஸ் காசு ஆகியவற்றைத் தவிர்க்க முடியாது. எனவே வீட்டிலேயே உண்டாக்கக் கூடியவற்றின் கீழே ஒரு கோடு போடுங்கள். வட்டியின் கீழே இரண்டு கோடு போடுங்கள். நூற்றுக்குப் பத்து என்று மாத வட்டிக்கு 10,000 ரூபா வாங்கினால், ஓர் ஆண்டில் வட்டியாக மட்டும் 12,000 ரூபா போய்விடும். முதல் அப்படியே நிற்கும். அவசரத்தில் வாங்கியவரைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் எங்கேனும் 100 ரூபா மிச்சம் பிடித்தால் அது முதலில் இந்தக் கடனுக்கே போக வேண்டும். கடைக்காரரின் பற்றுக் கொப்பியையும் உங்கள் கொப்பியையும் கிழமைக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது அடுப்பு. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விறகு அடுப்பு கேவலமல்ல. புகையும் வீண்விரயமுமே கெடுதல். இரண்டு பானை வைக்கக்கூடிய அனகி மண் அடுப்பைச் சுற்றிக் களிமண் பூசிக் கட்டினால், மூன்று கல் அடுப்பைவிடக் குறைந்த விறகே போதும். முன்பானை கொதிக்கும் சூட்டிலேயே பின்பானையும் வேகும். றொசல்லயும் அயலிலுள்ள வட்டவளையும் நாட்டில் மிகுதியாக மழை பெறும் பகுதியில் உள்ளவை. இங்கே ஈர விறகை எரித்தால், சூட்டில் ஒரு பங்கு விறகிலுள்ள தண்ணீரை விரட்டவே செலவாகும். ஆகவே அடுப்புக்கு மேலே, நெருப்பு எட்டாத உயரத்தில் பரண் கட்டி, நாளைய விறகை இன்றே அங்கே போடுங்கள். பருப்பை ஊறவைத்து, மூடிபோட்டு வேகவிடுங்கள். புகை வெளியேற வழி விடுங்கள். அதைச் சுவாசிப்பவர்கள் தாயும் மடியிலுள்ள குழந்தையும்தான்.

அந்த அடுப்பின் சாம்பலை எறிய வேண்டாம். தேயிலை மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது நல்லது, மரக்கறிகள் பலவற்றுக்கு ஆகாது. அளவாகச் சாம்பல் கலந்தால் புளிப்புக் குறையும், பொட்டாசியச் சத்தும் சேரும். எப்போது வெளியேறச் சொல்வார்களோ என்று தெரியாத இடத்தில் பாத்தி கட்ட மனம் வராது என்பது உண்மை. ஆகையால் பழைய உரச் சாக்குகளில் அடியில் துளையிட்டு, மண்ணும் கூட்டெருவும் நிரப்பி, கீரை, ராபு, வெங்காயத்தாள், மிளகாய் நடுங்கள். போகும்போது சாக்கும் கூடவே வரும். கீரையை ஐந்தாறு வாரத்தில் பறிக்கலாம்.

கூட்டெருவுக்கு மரக்கறிக் கழிவு, புல், சாணம், காய்ந்த இலை போதும். மேலே கூரை அவசியம். மூடாமல் விட்ட எமது குவியல் ஒன்று தென்மேற்குப் பருவமழையில் பாதி கானோடு போயிற்று. மீதியில் நாற்றமே மிஞ்சியது. பொறுமையும் தேவை. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடுக்கப்பட்டபோது, கூட்டெரு ஒரே இரவில் உண்டாகாது என்பதை நாடே கண்டது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். இடம் போதவில்லையென்று வீட்டின் பின்னாலுள்ள மண்மேட்டை வெட்ட வேண்டாம். கழுவிய தண்ணீரைச் சரிவில் ஊற்றாமல் கானுக்கு விடுங்கள். கானில் குப்பை அடைக்காமல் பாருங்கள். நிலத்தில் வெடிப்பு, சாயும் மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே வெளியேறிப் பின்னர் கிராம சேவகருக்கு அறிவியுங்கள்.

சாக்கில் பறித்த கீரையையும் கொப்பியின் வரவுப் பக்கத்தில் கடை விலைப்படி எழுதுங்கள். அதை எழுதும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். கொப்பியை அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதிப் பத்திரங்களோடு ஒரே பொலித்தீன் பையில் கட்டி, கதவோரமாகத் தொங்கவிடுங்கள். இரவில் எழும்பி ஓட நேர்ந்தால் ஒரு கையால் எடுக்கக் கூடியதாக அது இருக்க வேண்டும்; மறு கையில் குழந்தை இருக்கும்.