விளம்பரத்துக்குக் காசு கட்டறதுக்கு முன்னாடி, உங்க சைட்டில் இருக்கற போட்டோவைப் பாருங்க!

பெருந்துறை, சென்னிமலை, பவானி வட்டாரத்தில் போர்வை, ஜமக்காளம், மஞ்சள் விற்கறவங்க பலர் இப்போ சொந்தமா வெப்சைட் வெச்சிருக்காங்க. "சைட் இருக்குதுங்க, ஆர்டர்தான் வர மாட்டேங்குது" என்று சொல்றவங்களும் உண்டு. உடனே தோணுற வழி, ஆன்லைன் விளம்பரம்.

ஒரு கணக்கு போடுவோம். மாசம் 5,000 ரூபாய் விளம்பரம் என்று வெச்சுக்கோங்க. 18% ஜிஎஸ்டி சேர்த்து 5,900. வருஷத்துக்கு 70,800 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு இல்லாத கடைக்கு அந்த வரி திரும்பவும் வராது. பணம் நின்னா விளம்பரமும் நின்னுடும். விளம்பரமே வேண்டாம்னு சொல்லல. செலவே இல்லாத வேலையை முதல்ல முடிச்சிடலாம்னுதான் சொல்றேன். அந்த வேலை, போட்டோவைச் சரிபண்றது.

2000-ம் வருஷம் கிராமி விழாவுக்கு ஜெனிஃபர் லோபஸ் போட்டு வந்த பச்சை உடையைப் பார்க்கத்தான் அவ்வளவு பேர் கூகுளில் தேடினாங்க. அடுத்த வருஷமே படத்துக்குன்னு தனித் தேடலைக் கூகுள் கொண்டு வந்தது. துணி வாங்கறவங்க இன்னிக்கும் கண்ணாலதான் தேடறாங்க. என்ன செய்யணும்?

1. எடையைக் குறைங்க. போனில் எடுத்த ஒரு போட்டோ 5 எம்பி கூட வரும். அப்படி 12 போட்டோ இருந்தா 60 எம்பி. 10 எம்பிபிஎஸ் வேகத்தில் முழுசா இறங்க 48 விநாடி ஆகும். ஒவ்வொன்றையும் 150 கேபி ஆக்கினா ஒன்றரை விநாடி போதும்! அகலம் 1,200 பிக்சல் அளவுக்கு வெச்சு, வெப்பி ஃபார்மேட்டுக்கு மாத்துங்க. ஸ்கூஷ் என்ற இலவச டூலே இதைச் செய்யும். பக்கத்தின் பெரிய படமோ எழுத்தோ 2.5 விநாடிக்குள் தெரியணும் என்பது கூகுள் வெச்சிருக்கற அளவுகோல்.

2. ஆல்ட் டெக்ஸ்ட் எழுதுங்க. படத்தில் என்ன இருக்கு என்று சொல்ற ஒரு வரி இது. "சென்னிமலை பருத்திப் போர்வை, நீலக் கட்டம், டபுள் சைஸ்" என்று எழுதினா போதும். பார்வையில்லாதவங்களுக்கு அவங்க போன் வாசிச்சுக் காட்டறதும் இந்த வரியைத்தான். "போர்வை, மலிவு போர்வை, சிறந்த போர்வை" என்று அடுக்காதீங்க. கூகுள் அதை ஸ்பேமாகப் பார்க்கலாம்.

3. புதுப் படத்துக்கு நல்ல பேர் வைங்க. கேமரா கொடுத்த நம்பரோடவே ஏத்தாம, பொருளின் பேரை வெச்சு, வார்த்தைகளுக்கு நடுவில் ஹைஃபன் போடுங்க. ஆனா ஏற்கெனவே தேடலில் வந்துட்டிருக்கற படத்தின் பேரை மாத்தாதீங்க. கூகுளுக்கு அது புதுப் படம். மறுபடி கண்டுபிடிக்க நாளாகும்.

4. விலையைப் படத்துக்குள்ள புதைக்காதீங்க. வாட்ஸ்அப்புக்குச் செஞ்ச போஸ்டரை அப்படியே சைட்டில் போடறவங்க உண்டு. விலை, அளவு, துணி வகை எல்லாம் படத்துக்குப் பக்கத்தில் எழுத்தாக இருக்கணும். பல கடைகளில் சுத்தற மில் போட்டோவை விட, ஜன்னல் வெளிச்சத்தில் நீங்களே எடுத்த போட்டோ நல்லது.

ஒரு எச்சரிக்கை. பவானி ஜமக்காளத்துக்கும் ஈரோடு மஞ்சளுக்கும் புவிசார் குறியீடு இருக்கு. தேடலில் மேல வரணும் என்பதற்காக வேற ஊர்ச் சரக்குக்கு அந்தப் பேரை எழுதினா சட்டச் சிக்கல் வரும். நிஜமா அங்கே நெய்த, அங்கே விளைஞ்ச பொருளை விற்கறீங்கன்னா, அந்தப் பேரைத் தயங்காம எழுதுங்க. வாங்கறவங்க தேடறதே அந்தப் பேரைத்தான்.

எல்லாம் முடிச்சதும், கூகுள் சர்ச் கன்சோலில் தேடல் வகையை 'படம்' என்று மாத்தி, எத்தனை கிளிக் வந்திருக்கு என்று இன்னிக்கே குறிச்சு வைங்க. ஒரே வாரத்தில் மாற்றம் தெரியாது. மூணு மாசம் கழிச்சு அதே இடத்தில் மறுபடி பாருங்க. எந்தப் பொருளுக்குக் கிளிக் கூடியிருக்கோ, அதுக்கு விளம்பரமே தேவைப்படாமல் போகலாம். மிச்சமாகற பணத்தைத் தேடலில் வராத பொருளுக்குச் செலவு பண்ணுங்க.

வாரம் 10 படம் சரிபண்ணினாலே, மூணு மாசத்தில் 120 படம் முடிஞ்சிடும். அதிகம் விற்கற 10 பொருளில் இருந்து ஆரம்பிங்க. சந்தேகம் இருந்தா நம்ம சேனலில் வீடியோவுக்குக் கீழ கேளுங்க. அடுத்த பதிவில் பார்க்கலாம்!