நீதிபதியே இல்லாத உலக வர்த்தக கோர்ட்... கேஸ் போட்டா என்ன ஆகும்?

ஜெனீவாவில் 1995 முதல் இயங்கும் உலக வர்த்தக அமைப்பில் 166 உறுப்பினர்கள். ஒரு நாடு விதியை மீறினால் இன்னொரு நாடு இங்கே வழக்கு போடலாம். முதலில் விசாரணைக் குழு தீர்ப்பு சொல்லும். பிடிக்கலைன்னா மேல்முறையீடு.

சிக்கலே அங்கதான். மேல்முறையீட்டு அமைப்பில் மொத்தம் 7 பேர். ஒரு வழக்கை விசாரிக்க 3 பேர் வேணும். ஒரு நாடு மறுத்தாலும் நியமனம் நடக்காது. வரம்பு மீறித் தீர்ப்பு தருவதாகச் சொல்லி, புது நியமனங்களுக்கு அமெரிக்கா சம்மதிக்கலை. 2019 டிசம்பரில் அமைப்பு முடங்கியது.

விளைவு? சர்க்கரை மானிய வழக்கில் 2021-ல் பிரேசில், ஆஸ்திரேலியா, குவாத்தமாலாவிடம் தோற்ற இந்தியா மேல்முறையீடு செய்தது. அது முடியும்வரை தீர்ப்பு அமலுக்கு வராது. விசாரிக்கவோ ஆளில்லை. இப்போதைக்கு இந்தியாவுக்கு நிம்மதிதான். ஆனா, நாளைக்கு வேறொரு வழக்கில் இந்தியா ஜெயிச்சாலும், எதிர்த்தரப்பு இதே வழியில் நழுவலாம்.